பாரிமுனை சட்டப் புத்தகக் கடை: ஆள் தங்கம், பைண்டிங் மட்டம்

பையனுக்கு 18 முடிந்து ஓட்டர் ஐடிக்கு எழுதிப் போட்ட கையோடு, அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் தமிழில் வாங்கலாம் என்று ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் கடைக்குப் போனோம். ஒரு ஆட்டோ நுழையும் அகலம்தான் கடையே. மலிவாக இருக்கிறதே என்று பழைய பதிப்பு ஒன்றை எடுத்தேன். "அது வேணாம் சார், திருத்தத்துக்கு முந்தினது" என்று பெரியவர் வாங்கி, 326ஆம் உறுப்பைப் பிரித்துக் காட்டினார்: ஓட்டுப் போட 21 வயது! 61ஆவது திருத்தம் 1989இல் அமலுக்கு வந்த பிறகுதான் 18 ஆனதாம். பையன் முகத்தைப் பார்க்கணுமே.

அப்புறம் நகராட்சி, மாநகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தம் பற்றியும் ஒரு பாடம், இலவசமாக. 1973இல் கலைத்த சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996இல்தான் மறுபடி தேர்தல் நடந்தது, 23 வருஷம் நம்ம வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது. இப்போது கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடமும் உண்டு.

சரி, குறை. ஜிபே கிடையாது, பில் கேட்டால் துண்டுச்சீட்டு. வீட்டுக்கு வந்து குடியுரிமைப் பகுதியைப் பிரித்தால் 5 முதல் 11 வரை உறுப்புகள் உள்ள தாள்கள் அப்படியே கையோடு வந்துவிட்டன. மறுநாள் கொண்டுபோனேன், மாற்றித் தரவில்லை, ஒரு பசை டியூபைக் கையில் கொடுத்தார்.