ஸ்விஃப்டா, எர்டிகாவா? கடலோரக் குடும்பத்துக்கு எது?

வண்டி ஓட்டுவதில் பிரியம் உள்ளவர்கள் குடும்பத்துக்கென்று கார் பார்க்கும்போது வரும் இழுபறி இது.

இடம்: ஸ்விஃப்டில் ஐந்து பேர். எர்டிகாவில் ஏழு, ஆனால் கடைசி வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கி 209 லிட்டர்தான்.

ஓட்டும் சுகம்: ஸ்விஃப்ட்தான், சந்தேகமே இல்லை. கீழக்கரைச் சந்துகளில் சட்டென்று திரும்பும்.

செலவு: வாங்கவும் பெட்ரோலுக்கும் ஸ்விஃப்டில் குறைவு.

துரு: இரண்டுக்கும் உப்புக்காற்றுதான் எதிரி. தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தையும் சக்கரங்களுக்கு மேல் உள்ள வளைவையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம், கதவின் அடி விளிம்பில் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துரு ஏறும்.

நாலு பேர் என்றால் ஸ்விஃப்ட் போதும். அப்பா, அம்மாவும் கூட வருவார்கள் என்றால் எர்டிகா. நான் அதைத்தான் எடுத்தேன்.