கிரில்லுக்குக் கோழி வெட்டித் தருகிறோம் என்றால், கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள்

முழுக்கோழியை எடை போட்டுக் காட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோய் வெட்டிக் கட்டிக் கொடுக்கும் கடைகளில் கவனமாக இருங்கள். எனக்கு நடந்ததால் சொல்கிறேன்.

நான் கேட்டதில் குழப்பத்துக்கே இடமில்லை. தோலோடு வேண்டும், மூட்டுப் பார்த்துப் பிரிக்க வேண்டும், நெஞ்சை நாலாகப் போட வேண்டும், கிரில்லுக்கு. "சரி, போட்டுத் தர்றோம்" என்றார்கள். வீட்டில் பையைப் பாத்திரத்தில் கொட்டினால் மூன்று இறக்கை கிடக்கிறது. ஒரு கோழிக்கு ஏது மூன்று இறக்கை? இரண்டு தொடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று உள்ளங்கையை நிறைத்தது, மற்றது அதில் பாதிகூட இல்லை. நெஞ்சுக்கறியில் ஒரு பக்கத்தைக் காணவே காணோம். எடை போட்டது ஒரு கோழி, பையில் வந்தது வெவ்வேறு கோழிகளின் மிச்சம். எலும்பில்லாத நெஞ்சுக்கறியைத் தனியாக விற்றுக்கொள்ளலாம் என்பதால் அதில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

வெட்டு அதைவிட மோசம். மூட்டில் கத்தியே படவில்லை. கால் எலும்பின் நடுவில் வெட்டுக்கத்தியால் போட்டிருந்தார்கள். கோழி எலும்பை அப்படி வெட்டினால் நேராக அறுபடாது, ஊசி ஊசியாகச் சிதறும். கழுவினாலும் எல்லாம் போகாது, கறிக்குள் புதைந்து கிடக்கும். பொறுக்கி எடுத்துத்தான் சுட்டோம். அப்படியும் சாப்பிடும்போது என் சின்ன மகளின் வாயிலிருந்து நகக்கண் நீளத்துக்கு ஒரு சில்லை எடுத்தேன். இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

மறுநாள் கேட்கப் போனால், "குழம்புக்கும் இப்படித்தானே வெட்டுறோம்" என்று பதில். குழம்பும் கிரில்லும் ஒன்றல்ல. குழம்பில் துண்டுகள் பெரிசும் சிறிசுமாக இருந்தாலும் சுற்றியுள்ள சாறு எல்லாவற்றையும் வேக வைத்துவிடும். கிரில்லில் சூடு அடியிலிருந்துதான் வருகிறது. சின்னத் துண்டு கருகும் நேரத்தில் பெரிய துண்டின் எலும்போரம் பச்சையாகவே நிற்கும். நெஞ்சுக்கறி 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் சக்கைதான். தொடைக்கு 80க்கு மேல் போனால்தான் அதிலுள்ள சவ்வு இளகி மெதுவாகும். ஒரே கோழியிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, அளவும் தாறுமாறாக இருந்தால் யாராலும் சமாளிக்க முடியாது.

அதனால் கடையில் கட்டை பக்கத்திலேயே நில்லுங்கள். பத்துத் துண்டு வர வேண்டும்: தொடை இரண்டு, கால் இரண்டு, இறக்கை இரண்டு, நெஞ்சு நாலு. முதுகெலும்பையும் கேட்டு வாங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தான் எடை போட்டார்கள், சூப்புக்கு அருமையாக இருக்கும். நெஞ்சை நாலாக்கும்போது குறுக்கே வெட்ட வேண்டும். இறக்கைப் பக்கம் தடிமன், மறுமுனை மெலிசு. தடிமனான துண்டை நீளத்தில் கொஞ்சம் குறைத்துப் போட்டால் எடை சமமாகும்.

"நிற்க இடமில்லை, அப்புறம் வாங்க" என்றால் வெட்டாமல் முழுசாகவே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் பிரிப்பது பெரிய வேலை இல்லை, கூரான ஒரு கத்தி போதும். உடம்புக்கும் தொடைக்கும் நடுவில் தோலைக் கீறி, தொடையைப் பின்பக்கமாக மடக்கினால் குமிழ் எலும்பு தானாக வெளியே வரும், அங்கே அறுத்தால் போதும். காலையும் தொடையையும் பிரிக்க, தோல் இல்லாத உள்பக்கம் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கொழுப்புக் கோடு ஒன்று தெரியும், மூட்டு அதன் அடியில்தான். கத்தி எலும்பில் மாட்டினால் அழுத்தாதீர்கள், கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். குருத்தெலும்பில் பட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சுடும்போது தொடையும் காலும் தணல் நிறைந்த பக்கம், நெஞ்சு தணல் குறைந்த பக்கம். வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியில் நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பாகத் தெரிவதுண்டு. தெர்மாமீட்டரை எலும்பில் படாமல், கறியின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள்.