கேம்பிங் ட்ரெய்லருக்குப் பின்னால் சாமான்: எந்த அமைப்பு தாங்கும், எதைச் சட்டம் விடும்

அமெரிக்காவில் கேம்பிங் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஜெனரேட்டர், சைக்கிள், விறகு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து இடத்தை அடைத்துவிடும். உடனே கண் போவது ட்ரெய்லரின் பின்பக்கத்துக்குத்தான். வீட்டிலேயே வெல்டு வைத்துச் செய்கிறவர்கள் நான்கு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள்: பம்பரில் மாட்டும் தட்டு, சேஸிஸில் (ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில்) பொருத்திய ரிசீவர் என்ற சதுரக் குழாயில் செருகும் தட்டு, சுழலும் சக்கரம் வைத்த தொடர்தட்டு, தனியாக இன்னொரு சிறிய ட்ரெய்லர்.

ட்ரெய்லரின் பின்முனையில் தொங்கும் எந்தப் பாரத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லர் சேரும் இடம்) உருண்டையிலிருந்து ட்ரெய்லரின் சக்கர அச்சு 5 மீட்டர் தூரம், அச்சிலிருந்து தட்டின் நடுப்பகுதி 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 100 கிலோ ஏற்றினால் ஹிட்ச் மீது அழுத்தும் பாரம் 70 கிலோ குறையும். அச்சின் மேல் 170 கிலோ கூடும். 2,500 கிலோ ட்ரெய்லரின் ஹிட்ச் பாரம் 300 கிலோ, அதாவது 12 சதவீதம், இருந்ததென்றால் இப்போது 2,600 கிலோவுக்கு 230 கிலோதான், 9 சதவீதத்துக்கும் கீழே. 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போகும் காற்றிலேயே ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் தானாக அடங்காது. "நூறு கிலோதானே" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை.

பம்பர் தட்டைச் செய்யவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. பெரும்பாலான ட்ரெய்லர்களில் பம்பர் என்பது நான்கு அங்குலச் சதுரக் குழாய். தகடு பொதுவாக 3 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ. கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைக்க அது வசதி. மிஞ்சினால் ஸ்டெப்னி டயரைத் தாங்கும். 60 கிலோவை பம்பருக்கு 45 சென்டிமீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பாரம் கீழே இழுப்பதோடு குழாயை முறுக்கவும் செய்கிறது. பள்ளத்தில் விழும்போது அந்த முறுக்கு இன்னும் பல மடங்காகும். குழாய் சேஸிஸோடு சேரும் இடத்தில் வெல்டு ஓரத்தைப் பாருங்கள்: முதலில் பெயின்டில் முடி போன்ற கோடு, பிறகு அதே கோட்டில் துரு. அது தெரிந்த பிறகும் ஓட்டினால் ஒருநாள் பம்பரும் தட்டும் சேர்ந்தே சாலையில் கிடக்கும். பின்னால் வரும் காருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. யு-போல்ட் போட்டாலும் இரட்டைப் பட்டை போட்டாலும் பலவீனம் அந்த வெல்டில்தான், உங்கள் தட்டில் இல்லை.

சேஸிஸ் ரிசீவர்தான் வீட்டுப் பட்டறையில் நேர்மையாகச் செய்யக்கூடியது. ஆனால் குனிந்து அடிப்பகுதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில ட்ரெய்லர்களில் முதன்மை உத்தரம் அச்சுக்குக் கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிடும். கடைசிப் பகுதி மெல்லிய சானலை ஒட்டவைத்த நீட்டிப்புதான். அப்படியென்றால் முயற்சியை விட்டுவிடுங்கள். உத்தரம் கடைசிவரை முழுதாக வந்தால், 5 மில்லிமீட்டர் கனமுள்ள குறுக்குக் குழாயை இரண்டு உத்தரத்துக்கும் இடையே போட்டு, பக்கத்துக்கு ஒரு தகடு வீதம் உத்தரத்தின் நடுச்சுவரில் அரை அங்குல கிரேடு 8 (உயர்வலிமை) போல்ட்டால், பக்கத்துக்கு மூன்று, இறுக்குங்கள். மேல், கீழ் விளிம்புகளில் துளை வேண்டாம், குறுக்கே வெல்டும் வேண்டாம்: உத்தரத்தின் இழுவிசையும் அழுத்தமும் அதிகம் இருப்பது அங்கேதான், விரிசல் தொடங்குவதும் அங்கேதான். தட்டைத் தூரமாக்க நீட்டிப்புக் குழாய் போட்டால் தாங்குதிறன் பாதியாகக் குறையும்.

கடையில் வாங்கும் தட்டில் 500 பவுண்ட் என்று அச்சடித்திருக்கும். அது காரின் பின்னால் மாட்டுவதற்கான எண். ட்ரெய்லரின் பின்முனை காரைவிட எவ்வளவோ அதிகம் துள்ளும். அதனால்தான் பல தட்டு, சைக்கிள் ரேக் தயாரிப்பாளர்கள் ட்ரெய்லருக்குப் பின்னால் மாட்டக்கூடாது என்றே எழுதுகிறார்கள். 40 முதல் 50 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரிசீவருக்குள் தண்டு கடகடவென்று ஆடாமல் இறுக்கும் கிளாம்ப் கட்டாயம் வேண்டும்.

சுழல்சக்கரத் தட்டு பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். இரண்டு இணைப்பாணிகளால் சேஸிஸோடு சேர்வதால் பக்கவாட்டில் மடங்காது, மேலும் கீழும் மட்டும் அசையும். பாரம் நடுவில் இருந்தால் ஏறக்குறைய பாதி சக்கரத்துக்குப் போகும், ஹிட்ச் பாரமும் அந்த அளவுக்குக் குறைவாகவே இழக்கப்படும். சிக்கல் சக்கரத்தில்தான். தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சுழலும் எதுவும் வேகத்தில் படபடக்கும். செங்குத்துத் தண்டில் உராய்வுத் தகடும் அழுத்தும் ஸ்பிரிங்கும் இல்லாவிட்டால் அது தன்னையே பிய்த்துக்கொள்ளும். எட்டு அங்குல ரிம் டயர் நெடுஞ்சாலையில் வேகமாகச் சூடாகும், காற்று குறைந்தால் இன்னும் மோசம். பின்னோக்கி எடுக்கும்போது சக்கரம் அரைவட்டம் திரும்ப இடமும் விட வேண்டும். சட்டப்படியும் இதற்குத் தெளிவான இடமில்லை: சாலையில் சக்கரம் பதிகிறது என்பதால் அதைத் தனி ட்ரெய்லராகவே ஒரு போலீஸ்காரர் எடுத்துக்கொள்ளலாம். மாநில மோட்டார் வாகனத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ட்ரெய்லர் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவில் பயணிகள் வாகனமோ, 4,000 பவுண்டுக்குக் குறைவான வெற்று எடையுள்ள வேறு எந்த மோட்டார் வாகனமோ ஒன்றுக்கு மேல் இழுக்கவே கூடாது. மிச்சிகனில் அனுமதி உண்டு. ஆனால் முதலில் வருவது பிக்கப் வண்டியின் சரக்குப் படுக்கையிலேயே மாட்டும் ஃபிப்த் வீல் வகையாக இருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமத்தில் 'ஆர்' ஒப்புதலும் வேண்டும். இந்த நிபந்தனைக்குக் காரணம் இயற்பியல்தான்: ஃபிப்த் வீல் பிக்கப்பின் அச்சுக்கு மேலேயே பாரத்தை வைக்கிறது, சாதாரண ட்ரெய்லர் வாலில் தொங்குகிறது. எல்லை தாண்டினால் நீங்கள் நிற்கிற மாநிலத்தின் சட்டம்தான் செல்லும். வீட்டில் செய்த ட்ரெய்லருக்குப் பதிவும், பல மாநிலங்களில் சோதனையும் அடையாள எண்ணும் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி, விளக்கு இணைப்பு, எடைக்கேற்ப பிரேக் எல்லாம் இரண்டாவதுக்கும் தேவை. கலிபோர்னியாவில் கேம்பிங் ட்ரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே பிரேக் கட்டாயமாகிறது. பின்னோக்கி எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

எந்த வழியானாலும் பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது. மறைந்தால் தட்டிலேயே எல்.இ.டி. விளக்கு ஒரு ஜோடி, பிளேட் விளக்கோடு போடுங்கள். தனி எர்த் வயர் கொடுங்கள், துருப்பிடித்த தட்டின் வழியாக எர்த் எடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் பின்னால் 4 அடி அல்லது அதற்கு மேல் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. பெட்ரோல் கேனைப் பின்தட்டில் கட்டாதீர்கள். பின்னால் மோதும் கார் முதலில் தொடுவது அதைத்தான்.

கனமான சாமானுக்கு இந்த நான்கையும்விட பிக்கப் படுக்கைதான் நல்லது. இல்லாவிட்டால் ட்ரெய்லருக்குள் அச்சுக்குச் சற்று முன்னால். ட்ரெய்லரின் முன்மூக்கிலுள்ள முக்கோணச் சட்டத்தில் வைப்பதும் உண்டு. அங்கே 60 கிலோ வைத்தால் ஹிட்ச் பாரம் சுமார் 50 கிலோ கூடும், எனவே காரின் ஹிட்ச் வரம்பைப் பாருங்கள். கட்டி முடித்தபின் முழுச் சாமானோடு லாரி நிறுத்தங்களிலுள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் ஏற்றி, அச்சு எடையை ட்ரெய்லரின் இடது முன்பக்க ஸ்டிக்கரிலுள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள்.