பழைய ரோஜான்னு 6,400 வாங்கிட்டு வெறும் ரூட்ஸ்டாக் (ஒட்டு போட அடியில வெக்கிற காட்டு ரோஜா) குச்சியை அனுப்பிட்டாங்க, வாங்கப் போறவங்க படிச்சிடுங்க

நேத்து காலைல பார்த்தேன், இன்னும் ஆறல, அதான் உடனே எழுதறேன். 14 மாசமா தண்ணி ஊத்தி, புழு பொறுக்கி, வெயில் ஏறினா நிழல் கட்டி வளர்த்த நாலு ரோஜா செடியும் ஒரே வாரத்துல பூத்திருக்கு. நாலுலயும் ஒரே மாதிரி பூ. கொத்துக் கொத்தா, பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசா, வெள்ளையா, அஞ்சே அஞ்சு இதழ்.

நான் காசு குடுத்தது எதுக்குத் தெரியுமா? மேடம் ஹார்டி, சுவனீர் டி லா மல்மேசான், ஸெஃபிரின் ட்ரூஹின், ரோஸா முண்டின்னு நாலு பழைய ரோஜா வகைக்கு. ஒண்ணு 1,600, நாலுக்கும் 6,400. கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வெச்ச காசு அது.

பழைய ரோஜான்னா 1867ல லா ஃப்ரான்ஸ்ங்கற ரோஜா வந்து ஹைப்ரிட் டீங்கற புது ரோஜா குடும்பம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருந்த குடும்பங்களைச் சேர்ந்த வகைங்க. இப்ப கடையில கிடைக்கிற நீட்டு மொட்டு ரோஜா இல்ல இது, அடுக்கடுக்கா நெருக்கிப் பூக்கும், வாசனைக்காகவே வளர்ப்பாங்க. மேடம் ஹார்டி 1832ல பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்தைப் பார்த்துக்கிட்ட ஹார்டி தன் மனைவி பேர்ல விட்ட பூ, சுத்த வெள்ளை, நட்ட நடுவுல பச்சையா ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பச்சைப் பொட்டை ஒரு தடவையாவது நம்ம செடியில பார்த்துடணும்னு எத்தனை வருஷ ஆசை எனக்கு.

வீட்டுல இருக்கிற சாமான் வாங்கி விக்கிற ஒரு ஆப்லதான் இந்த ஆளைப் பிடிச்சேன், பேர் சொல்ல விரும்பல. போன்ல ஒரு மணி நேரம் பேசினார். நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவரே "அந்தப் பச்சைக் கண்ணு தெரியறப்போ எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன். ரோஜா மேல உசுரா இருக்கிறவங்கதானே இதெல்லாம் பேசுவாங்கன்னு நம்பிட்டேன். ஒட்டுச் செடி இல்ல, எல்லாம் சொந்த வேர்ல வளர்ந்ததுன்னார், அதுவும் எனக்குப் பிடிச்சுது, ஒட்டுச் செடின்னா மேல் பாகம் காஞ்சா கீழ இருக்கிற ரூட்ஸ்டாக் கிளம்பி மொத்தத்தையும் முழுங்கிடும். ஆப் வழியா போனா கமிஷன் போயிடும், நேரா அனுப்பிடுங்கன்னார். அனுப்பிட்டேன், 6,400ம் ஒரே தடவையா.

பார்சல் வந்த அன்னிக்கே எனக்கு உறுத்தியிருக்கணும். ஸெஃபிரின் ட்ரூஹின்னு சீட்டு கட்டின செடியைப் பிரிக்கறப்போ முள்ளு ஆள்காட்டி விரல்ல நறுக்குன்னு ஏறி ரத்தம் வந்துடுச்சு. ஸெஃபிரின் ட்ரூஹினோட பெருமையே அதுல முள்ளு கிடையாதுங்கறதுதான்! கேட்டேன். "குட்டிச் செடியில இருக்கும்ங்க, வளர வளர போயிடும்"ன்னார். அப்படியெல்லாம் போகாதுன்னு இப்ப தெரியும், அப்ப நம்பணும்னு ஆசை, நம்பிட்டேன்.

அடுத்தது இதுதான் முக்கியம், இதுலதான் மொத்த ஏமாத்தும் இருக்கு. மேடம் ஹார்டியும் ரோஸா முண்டியும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், அதுவும் போன வருஷத்துத் தண்டுலதான். அதனால முதல் வருஷம் பூக்கலைன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அவர் சொன்ன இந்த விஷயம் உண்மை, அந்த உண்மையை வெச்சேதான் ஏமாத்தினார். ஆனா மல்மேசானும் ஸெஃபிரினும் போர்பன் வகை, திரும்பத் திரும்பப் பூக்கிற சாதி, முதல் சீசன்லயே ஒரு மொட்டாவது காட்டியிருக்கணும். ஏழாவது மாசம் கேட்டேன், "வேர் நல்லா பிடிக்கட்டும், அவசரப்படாதீங்க". ஒம்பதாவது மாசம் கேட்டேன், "உரம் ஜாஸ்தி போட்டிருப்பீங்க, இலையா போகுது". பதினோராவது மாசம், "மண்ணு போட்டோ அனுப்புங்க". அனுப்பினேன், பார்த்ததுக்கு ரெண்டு டிக் வந்துச்சு, பதில் வரல. நேத்து பூவோட போட்டோ அனுப்பினேன். "செடி கைக்கு வந்து 48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்"னு ஒரு வரி. பூவே 14 மாசம் கழிச்சுத்தான் வருது, 48 மணி நேரத்துல நான் எதைப் பார்த்துச் சொல்றது? அதைக் கேட்டதும் பிளாக் பண்ணிட்டார். ஆப்காரங்க கிட்ட போனா, பணம் எங்க வழியா வரல, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு முடிச்சிட்டாங்க. 6,400 அவ்வளவுதான்.

சாயந்திரம் அடிமண்ணை விரலால விலக்கிப் பார்த்தேன். ஒட்டு போட்ட முடிச்சு எங்கயும் இல்ல. இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா சிறகு மாதிரி இருக்கும்ல, அது சீப்பு பல் மாதிரி நார் நாரா கிழிஞ்சிருந்துச்சு. அது மல்டிஃப்ளோராவோட அடையாளம், ஒட்டு போட ரூட்ஸ்டாக்கா வளர்க்கிற காட்டு ரோஜா. அந்தக் குச்சியையே நாலா வேர் பிடிக்க வெச்சு நாலு பேர் எழுதிக் கட்டியிருக்கார். பார்சல் வந்த அன்னிக்கே அந்த நாரு அங்க இருந்திருக்கும், எனக்குத்தான் பார்க்கத் தெரியல.

வளர்க்கிற முறை, எந்த வகை எந்தக் குளிருக்கு வரும்னு எல்லாம் விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு வரல. இதை மட்டும் பாருங்க. செடி வந்தவுடனே இலைக்காம்படியை போட்டோ எடுத்து வைங்க, நாலு பேர்ல வந்த செடி நாலும் ஒரே மாதிரி இருந்தா அப்பவே கேளுங்க. முள்ளில்லாத வகைல முள்ளு இருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்புங்க. திரும்பப் பூக்கிற வகை ஒண்ணாவது சேர்த்து வாங்குங்க, அது சீக்கிரம் காட்டிக் குடுத்துடும். தாய்ச்செடி பூவோட நிக்கிற போட்டோவை அன்னிக்குத் தேதி எழுதின பேப்பரோட கேளுங்க. ஆப்புக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க, யார் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் சரி. நீலக்கலர் ரோஜா விதைன்னு விக்கிறாங்க பாருங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, ரோஜாவுக்கு அந்த நீல நிறமியே இயற்கையில கிடையாது.

இதே மாதிரி வெள்ளைக் கொத்து யாருக்காவது பூத்திருந்தா சொல்லுங்க, அவர்கிட்டதான் வாங்கினீங்களான்னு பார்த்துடலாம்.