‘எல்லாருக்கும் திறந்துவிட்டேன்’ என்று சொல்பவரிடம் பொதுக் கணினியை ஒப்படைக்காதீர்கள்

ஹட்டன் நகரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் உதவி நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. பகலில் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பம், அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புப் பதிவில் பெயர்த் திருத்தம் போன்றவற்றை அதில் நிரப்பிக் கொடுக்கிறோம். மாலையில் உயர்தர மாணவர்கள் அதே கணினியில் படிக்கிறார்கள். அதில் இயங்குவது லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு. பணியாளர் மூவருக்கும் மாணவர் அறுவருக்கும் அதில் தனித்தனிக் கணக்குகள் உண்டு. இந்த ஏற்பாட்டை ஒரு தொழில்நுட்பவியலாளர் எப்படிக் கெடுத்தார் என்பதையும், அதற்கு நாங்கள் பணமும் கொடுத்தோம் என்பதையும், இதுபோன்ற நிலையம் நடத்தும் மற்றவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் சிக்கல் சிறியது. ஒருவர் தொடங்கிய படிவத்தை மற்றவர் திறந்து பார்க்க முடிந்தது, ஆனால் திருத்திச் சேமிக்க முடியவில்லை. கண்டியிலிருந்து வந்தவர் அரை மணி நேரம் வேலை செய்து 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, “எல்லாருக்கும் திறந்துவிட்டேன் சார், இனி பிரச்சினை வராது” என்று சொல்லிச் சென்றார். உண்மையாகவே எல்லாம் திறந்தது. நாங்கள் மகிழ்ச்சியடைந்தோம்.

மூன்று வாரம் கழித்து, மாலை வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் வந்து மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சார், எங்கம்மாவோட பேங்க் புத்தகம் இதுல தெரியுது” என்றாள். அவளுடைய கணக்கில், அவளுடைய திரையில், சேமலாப நிதிக்காக அவளுடைய தாயார் எங்களிடம் கொடுத்த வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கணக்கு இலக்கத்தோடு திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளோடு படிக்கும் மற்றவர்களின் பெற்றோருடைய அடையாள அட்டைப் பிரதிகளும் இருந்தன. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறவர்கள், ஒருவருடைய கடனும் சேமிப்பும் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று நம்பித்தான் அந்தத் தாள்களை எங்கள் கையில் கொடுத்தார்கள்.

அதே வாரத்தில் இன்னொரு மாணவர், வட்டில் இடம் போதவில்லை என்பதற்காக, தமக்குத் தேவையில்லாததாகத் தோன்றிய ஒரு கோப்புறையை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். அதில் 26 குடும்பங்களின் ஆவணப் பிரதிகள் இருந்தன. அவர்மீது குற்றமில்லை, அழிக்கும் உரிமையைக் கணினியே அவருக்குக் கொடுத்திருந்தது. தொழில்நுட்பவியலாளரை மீண்டும் அழைத்தபோது வருவதற்கென்றே 4,000 ரூபாய் கேட்டார். வந்து பார்த்துவிட்டு, பகிர வேண்டுமென்றால் திறக்கத்தான் வேண்டும், லினக்ஸ் அப்படித்தான் என்றார்.

அது பொய். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பாருக்குத் தனித்தனி அனுமதி உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற எண்களைக் கூட்டி, ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் இலக்கமாக அதை எழுதுகிறார்கள். 777 என்றால் மூன்று தரப்பாருக்கும் எல்லா உரிமையும் என்று பொருள். எல்லாவற்றுக்கும் அவர் கொடுத்தது அந்த 777தான். பகிர்வுக் கோப்புறை என்னுடைய வீட்டுக் கோப்புறைக்குள், அதாவது என் கணக்குக்கு உரிய தனிக் கோப்புறைக்குள், இருந்ததால் அதையும் சேர்த்தே திறந்திருந்தார். 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு புதிய கணக்குகளின் வீட்டுக் கோப்புறையை 750 என்று, மற்றவருக்கு எந்த உரிமையும் இல்லாமல், மூடியே உருவாக்குகிறது. அந்தக் கதவையும் அவர் பெயர்த்துவிட்டார்.

இதைக் கண்டுபிடித்த அன்று நானே அனுமதியை 770 ஆக மாற்றினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மீண்டும் 777. இரண்டாம் முறை மாற்றினேன், மீண்டும் அதே. கடைசியில் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் க்ரான் அட்டவணையை, அதாவது குறித்த நேரங்களில் கணினி தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியலை, திறந்து பார்த்தபோது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் 777 ஆக்கும் ஒரு வரி அங்கே இருந்தது. அதை எங்களிடம் அவர் சொல்லவே இல்லை. ஒருமுறை திறந்துவிட்டால் போதாது, புதிதாக உருவாகும் கோப்புகள் பழையபடியே பூட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்கான காரணத்தைத் தொடாமல், ஓயாமல் பூட்டை உடைக்கும் ஒரு வேலையை மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

காரணம் யூமாஸ்க் என்ற அமைப்பு. புதிய கோப்பு 666 என்ற அனுமதியோடும் புதிய கோப்புறை 777 என்ற அனுமதியோடும் தொடங்கும். அதிலிருந்து எவற்றை நீக்க வேண்டும் என்று யூமாஸ்க் சொல்கிறது. எங்கள் கணக்குகளில் அது 022 ஆக இருந்ததால் கோப்புகள் 644 ஆகப் பிறந்தன, அதாவது குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. சரியான வழி, பணியாளர் மூவருக்கு மட்டும் ஒரு குழுவை உருவாக்கி, பகிர்வுக் கோப்புறையை வீட்டுக் கோப்புறைகளுக்கு வெளியே வைத்து, அதற்கு அந்தக் குழுவையும் 2770 என்ற அனுமதியையும் கொடுப்பது. முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் ஒவ்வொன்றும் அதே குழுவுக்கு உரியதாகும்படி செய்கிறது. யூமாஸ்கை 002 ஆக்கலாம், ஆனால் அது அந்தக் கணக்கு உருவாக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும். ஆகவே அந்தக் கோப்புறைக்கு மட்டும் ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியல் முறையில், உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளுக்கான இயல்பு அனுமதி வைத்தோம். அது இருக்கும் இடத்தில் யூமாஸ்க் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவரும் கோப்பு பழைய அனுமதியோடே வரக்கூடும் என்பதால், நகர்த்தாமல் பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியிலிருந்து வருவதில்லை, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமையிலிருந்து வருகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அதனால் மாணவர்களின் பொதுக் கோப்புறைக்கு 3770 கொடுத்தோம். முன்னால் உள்ள 3 என்பது முன்பு சொன்ன 2-உடன் 1 சேர்ந்தது; அந்த 1 இருப்பதால் தாம் உருவாக்கியதை மட்டுமே அவரவர் அழிக்கலாம். இவ்வளவுக்கும் எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது.

உங்கள் நிலையத்துக்கு யாராவது இந்த வேலையைச் செய்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாணவருடைய கணக்கில் நீங்களே நுழைந்து அலுவலகக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால் வேலை முடியவில்லை. ஒரு புதிய கோப்பை உருவாக்கி அதன் அனுமதியைப் பாருங்கள், கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ரூட் கணக்கின் க்ரான் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேளுங்கள்.

அந்த 26 குடும்பங்களில் 19 பேரிடம் மீண்டும் பிரதி வாங்கிவிட்டோம். மற்ற ஏழு பேரும் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் போகிறோம்.