பழைய பரோலோவா, பழைய புருனெல்லோவா?

இருபது வருடம் தாண்டிய இத்தாலியச் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினால், பேச்சு பெரும்பாலும் பரோலோ, புருனெல்லோ இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். நான் பார்த்த கடையில் 1996 பரோலோவும் இருந்தது, 1997 புருனெல்லோவும் இருந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பரோலோவை எடுத்தேன். பிறகு நண்பர் ஒருவர் தயவில் அந்தப் புருனெல்லோவையும் ருசி பார்க்கக் கிடைத்தது. என் சாய்வு பரோலோ பக்கம்தான், மறைக்கவில்லை.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரோலோ வடக்கே பியமொன்ட்டில், லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்வது. புருனெல்லோ டஸ்கனியின் மொந்தால்சீனோவில், முழுக்க சாஞ்சோவேசேயில் செய்வது. இரண்டும் 1980இல் டி.ஓ.சி.ஜி. என்ற, இத்தாலிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த தகுதியைப் பெற்றவை. இரண்டுமே இறைச்சிச் சாப்பாட்டுக்கு ஏற்றவை. சரி, இதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றே ஒன்று: திறந்த பிறகு ஒயின் எத்தனை மணி நேரம் நம்மோடு வரும்?

பரோலோ முதலில் முகம் கொடுக்காது. திறந்ததும் ஈரமண், காளான் வாசனைதான் வந்தது. வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்தது. 1996 அங்கே குளிர்ச்சியான ஆண்டு. அதன் இறுக்கம் பேர்போனது. இரண்டு மணி நேரம் போனபின் காய்ந்த ரோஜா, தார், ஆரஞ்சுத் தோல் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கோப்பைதான் இருந்ததிலேயே நன்றாக இருந்தது. அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு மதியமே திறந்துவிட வேண்டும்.

திறப்பதிலும் வேலை உண்டு. இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். பழைய கார்க்கில் சாதாரணத் திருகியை இறக்கினால் நடுப்பகுதி மட்டும் பிய்ந்து வரும். இரட்டைத் தகடு இழுப்பான் நல்லது. நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து இறக்க வேண்டும். பிறகு திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அழுத்தினால் கார்க் உள்ளே விழும்.

ஒரு வாய் ஊற்றி முகர்ந்து பாருங்கள். பாதாளஅறை வாடை என்றால் காத்திருக்கலாம், போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கெடுத்த ஒயின். எத்தனை மணி நேரம் வைத்தாலும் சரியாகாது. மற்றபடி பாட்டிலை அப்படியே திறந்து குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவது பரிமாறும் முன்புதான், அதுவும் மண்டியைப் பிரிக்க மட்டும். நெபியோலோவின் மண்டி காபித் தூளைவிட நைசானது, கலங்கினால் கசக்கும். கழுத்துக்குக் கீழே கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, கருப்பு இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

புருனெல்லோவுக்கு இத்தனை சடங்கு தேவைப்படவில்லை. திறந்த உடனே காய்ந்த செர்ரி, புகையிலை, பதனிட்ட தோல் வாசனை, குடிக்கவும் சுகம். முதல் ஒரு மணி நேரத்தில் பரோலோவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு பழச்சுவை இறங்கி, புளிப்பு மட்டும் தனியாக நின்றது. 1997 வெயில் ஆண்டு. வந்த புதிதில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

ஆனால் நான் ருசித்தது ஒரே ஒரு பாட்டில். அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. பியோந்தி சாந்தி போன்ற பழைய புருனெல்லோ தயாரிப்பாளர்களின் ரிசர்வாக்கள், அதாவது கூடுதல் காலம் முதிரவைத்து வெளியிடும் ஒயின்கள், பல பத்தாண்டுகள் தாங்குபவை. அவற்றை நான் தொட்டதில்லை, அதனால் புருனெல்லோ முழுவதற்கும் இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன்.

விருந்தாளி திடீரென வருகிறார், காத்திருக்க நேரமில்லை என்றால் புருனெல்லோவே எடுங்கள். 1997ஐ விட 2001, 2004 எனக்கு நம்பிக்கை தருகின்றன. பரோலோ என்றால் ஆலங்கட்டி மழையில் அடிபட்ட 2002ஐ விட்டுவிடுங்கள். பரோலோ எந்த ஊரில் விளைந்தது என்பதையும் பாருங்கள். செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே பாட்டில்களை மதியமே திறக்க வேண்டும். லா மோர்ரா என்றால் சாயங்காலம் திறந்தாலும் போதும்.