தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர், ஆவடி: வீடு வாங்கறதுக்கு முன்னாடி ஊர் கதைய கொஞ்சம் கேளுங்க

சென்னை புறநகர்ல வீடு தேடறவங்க கேக்கற கேள்வியெல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும். ஸ்கொயர் ஃபீட் என்ன விலை, ஸ்டேஷன் எவ்ளோ தூரம், பக்கத்துல ஸ்கூல் இருக்கா, போர் தண்ணி உப்பா நல்லாருக்கா. எல்லாம் கேக்க வேண்டியது தான், ஆனா அந்த ஊர் எப்படி ஊராச்சுன்னு யாரும் கேக்கறதே இல்ல, கேட்டாலும் ப்ரோக்கர் "சார் பக்கத்துல பழைய கோயில் ஒண்ணு இருக்கு, ரொம்ப பவர்ஃபுல்"னு சொல்லி முடிச்சிடுவாரு. என் கட்சி என்னன்னா, ஊர் வரலாறு தெரிஞ்சா பாதி டாக்குமெண்ட் படிச்ச மாதிரி. எங்க தண்ணி நிக்கும், எங்க மாடி எழுப்ப விடமாட்டாங்க, எங்க மரம் மிச்சம் இருக்கும், எல்லாமே அதுல தான் இருக்கு. இந்த நாலு பக்கத்தையும் அந்த கண்ணோட பாத்துடலாம்.

வயசுல பல்லாவரத்த யாரும் அடிச்சிக்க முடியாது. 1863 மே 30 அன்னிக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற புவியியல் ஆய்வாளர் இங்க தான் கல் கோடாரி ஒண்ண கண்டெடுத்தாரு, இந்தியாவுல பழைய கற்கால மனுசன் இருந்தான்னு முதன்முதலா தெரிஞ்சதே அதனால தான். அப்புறம் மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கு, இப்போ அது தர்கா, ராஜாவோட பட்டப்பேர் எல்லாம் கல்வெட்டா இன்னும் அங்கயே இருக்கு. தனித்தமிழ் இயக்கத்து மறைமலை அடிகள் வாழ்ந்த ஊரும் இது தான். பக்கத்துல குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனியால வந்த பேரு, 1949ல ஆரம்பிச்ச எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) அங்க தான் இருக்கு, அப்துல் கலாம் படிச்ச இடம்.

ஆனா எனக்கு பல்லாவரம்னா வெள்ளிக்கிழமை சந்தை தான். பழைய ட்ரங்க் ரோட்டுல காலைலயே ஆரம்பிச்சிடும். ஒரு பக்கம் ரோஜா செடி, கறிவேப்பிலை கன்னு, அடுத்து கூண்டுல புறா, அதுக்கு பக்கத்துலயே பழைய மிக்ஸி ஜார், ஓடாத கடிகாரம், ஒத்த ஷூ (ஜோடிய யார்கிட்ட தேடறதுன்னு தெரியல), தேக்கு கதவு, கருவாடு. வீட்டுக்கு குடி வந்த புதுசுல பாதி சாமான் அங்கயே எடுத்துடலாம், பேரம் பேச தெரியணும் அவ்ளோ தான்.

வீடு வாங்கறதுன்னு வந்தா இங்க வேற கதை. ராணுவ கண்டோன்மென்ட் நிலம் ஒரு பக்கம், ஏர்போர்ட் ஒரு பக்கம். விமானம் இறங்கற பாதையில மாடி எத்தனை எழுப்பலாம்ங்கறதுக்கு விமான நிலைய ஆணையத்தோட தடையில்லா சான்று வேணும், பின்னாடி இன்னும் ரெண்டு மாடி போட்டு வாடகைக்கு விடலாம்னு கணக்கு போட்டா அது நடக்கலாம் நடக்காமலும் போகலாம். பம்மல், நாகல்கேணி பக்கம் தோல் தொழிற்சாலைங்க பல வருஷமா ஓடுன இடம், அங்க நிலத்தடி தண்ணிய டெஸ்ட் பண்ணாம கையெழுத்து போடாதீங்க. பெரிய ஏரிய துரைப்பாக்கம் ரேடியல் ரோடு நடுவுல ரெண்டா வகுந்துட்டு போகுது, போய் பாத்தீங்கன்னா மனசு கஷ்டமா இருக்கும். மொத்தத்துல ஸ்டேஷன், ஏர்போர்ட், மெட்ரோ எல்லாம் கைக்கெட்டற தூரம், வாடகைக்கு இருக்க இத விட நல்ல இடம் இல்ல, சொந்தமா வாங்க நான் யோசிப்பேன்.

தாம்பரத்துக்கு வரலாம். இத ஒரே ஊரா பாக்கறது தான் எல்லாரும் பண்ற தப்பு. தண்டவாளத்துக்கு கிழக்க ஒரு ஊர், மேற்க ஒரு ஊர்.

பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் வரைக்கும் 29 கிலோமீட்டர், 1931லயே கரண்ட் ரயில் ஓடுச்சு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி 1928ல டாக்டர் சௌரி முத்து இங்க காசநோய் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு, சானடோரியம் ஸ்டேஷன் பேரே அதனால வந்தது தான், நோயாளிங்களுக்கு சுத்தமான காத்து கிடைக்கணும்னு ஊருக்கு வெளிய தேடி வந்த இடம் (இன்னிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல பீக் அவர்ல நின்னு அந்த காத்த ஒரு தடவ இழுத்து பாருங்க). 1937ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஜார்ஜ் டவுன்ல இருந்து சேலையூர் காட்டுக்கு மாறுச்சு, 365 ஏக்கர். இந்த மூணும் சேந்து தான் தாம்பரத்த உருவாக்குச்சு. காலேஜும் ஏர் ஃபோர்ஸ் ஸ்டேஷனும் பெரிய பெரிய நிலத்த வளைச்சு போட்டதால தான் கிழக்கு தாம்பரத்துல இன்னும் மரம் இருக்கு, இல்லேன்னா எப்பவோ ஃப்ளாட் போட்டு வித்திருப்பாங்க. கேம்ப் ரோட தாண்டி மாடம்பாக்கம் போனீங்கன்னா தேனுபுரீஸ்வரர் கோயில், சோழர் காலத்து கட்டுமானம், கருவறை விமானம் பின்பக்கம் வளைஞ்சு வர்ற தூங்கானை மாடம், தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. சாயங்காலம் போனா கூட்டமே இருக்காது. லீவு நாள்ல பசங்கள கூட்டிட்டு போக வண்டலூர் ஜூ இருக்கவே இருக்கு.

இப்போ மேற்கு. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் 2015 டிசம்பர்ல டிவில பாத்திருப்பீங்க, போட்ல ஆளுங்கள ஏத்துனாங்க. செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்ததால தான் முடிச்சூர் முழுகுச்சுன்னு இன்னிக்கும் நிறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல. செம்பரம்பாக்கத்து உபரி தண்ணி அடையாறுல வந்து சேர்றது கீழ, திருநீர்மலை பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்க நிரம்பி ஆறு வழியா இறங்குன தண்ணி. இது ஏன் முக்கியம்னா, "இப்போல்லாம் செம்பரம்பாக்கத்த முன்கூட்டியே திறந்துடறாங்க சார், பயமில்ல"ன்னு விக்கறவங்க சொல்வாங்க, அந்த பதிலுக்கும் முடிச்சூருக்கும் சம்பந்தமே இல்ல. மணிமங்கலம்னா தெரியும்ல, நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய ராஜா புலிகேசிய தோக்கடிச்ச இடம், அந்த காலத்துல இருந்து ஏரியும் விவசாயமுமா இருந்த பூமி.

அந்த பக்கம் வீடு பாக்க போனா வீட்ட பாக்கறதுக்கு முன்னாடி தெருவ பாருங்க. ஈபி மீட்டர் பெட்டி தலைக்கு மேல இருக்கா, மோட்டார் சுவிட்ச் ஏணி போட்டு தொடற உயரத்துல இருக்கா, புதுசா கட்டுனவங்க எல்லாம் கீழ கார் பார்க்கிங் விட்டுட்டு மாடியில தான் குடியிருக்காங்களா, பழைய வீட்டு வாசல் ரோட்ட விட பள்ளத்துல இருக்கா. காம்பவுண்ட் சுவர் புது பெயின்ட்டா இருந்தா பக்கத்து காலி மனை சுவர பாருங்க, அங்க வெள்ளம் நின்ன கோடு இருக்கும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வெள்ளத்துக்கு அப்புறம் விலை விழுந்தப்போ இங்க தெரிஞ்சே வாங்குனாரு, தரைய நாலடி ஏத்தி கட்டிட்டு நிம்மதியா தான் இருக்காரு, மழைக்காலத்துல மட்டும் வண்டிய மேம்பாலத்து மேல கொண்டு போய் விடறாரு. கண்ண தொறந்துட்டு வாங்குனா அதுவும் ஒரு வழி தான்.

குன்றத்தூர் எனக்கு இந்த நாலுல ரொம்ப பிடிச்ச ஊர், அத முன்னாடியே சொல்லிடறேன். சேக்கிழார் பொறந்த ஊர். அநபாய சோழன் கிட்ட அமைச்சரா இருந்தவரு, கும்பகோணம் பக்கத்து திருநாகேஸ்வரத்து மேல இருந்த பக்தியில அதே பேர்ல சொந்த ஊர்லயே ஒரு கோயில் கட்டுனாரு, வடநாகேஸ்வரம்னு சொல்வாங்க, ராகு பரிகாரத்துக்கு ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. குன்று மேல முருகன், 84 படி, ஏறி நின்னா சுத்து வட்டாரம் மொத்தமும் தெரியும். வீடு பாக்க வர்றவங்க முதல்ல இங்க ஏறிடணும்னு நான் சொல்வேன், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, எது ஏரி எது வயல் எது புது லேஅவுட்னு ஒரே பார்வையில பிடிபட்டுடும்.

செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலயே இருக்கு. முழு உயரம் 24 அடி, மொத்தம் 3,645 மில்லியன் கன அடி தண்ணி பிடிக்கும். 2015 வெள்ளத்துல அந்த ஒரு ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தொறந்து விட்டாங்க. அந்த உபரி கால்வாய் ஓரத்துல மனை எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வேணாம். கொஞ்சம் தள்ளி திருநீர்மலை, திருமங்கை ஆழ்வார் சாமி பாக்க வந்தப்போ மலைய சுத்தி தண்ணி நின்னதால ஆறு மாசம் காத்திருந்தாருன்னு தலபுராணம். சினிமாவுல ஓடிப்போய் கல்யாணம் பண்றவங்க எல்லாம் போற கோயிலும் அது தான். தலபுராணத்த வெள்ள அறிக்கையா படிக்கக் கூடாது தான், ஆனா நான் படிப்பேன்.

குன்றத்தூருக்கு பெரிய குறை ரயில் கிடையாது. பல்லாவரத்துக்கோ போரூருக்கோ பஸ்ல, ஷேர் ஆட்டோல வரணும், அந்த அனகாபுத்தூர் ரோடு சாயங்காலம் நகரவே நகராது. பூந்தமல்லி மெட்ரோவ காட்டி இங்க விலை ஏத்துவாங்க, அது குன்றத்தூருக்குள்ள வரல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைன்னா தாராளமா வாங்கலாம். தினமும் பாரிமுனை போறவங்களுக்கு சரிப்படாது.

ஆவடி. இத பாதுகாப்புத்துறை ஊர்னு ஒதுக்கிடறாங்க, பாவம். 1955ல காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டது இங்க தான். 1961ல கனரக வாகன தொழிற்சாலை, அங்க இருந்து 1965ல விஜயந்தா டாங்க் வந்துச்சு. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில்ல நந்தி சாமிக்கு முதுக காட்டிட்டு உக்காந்திருக்கும், வெள்ளெருக்கு தூண் ரெண்டு இருக்கு. பருத்திப்பட்டு ஏரிய சுத்தி நடைபாதை போட்டு நல்லா வச்சிருக்காங்க, 2024ல பட்டாபிராம்ல டைடல் பார்க் திறந்தாச்சு. ரயிலும் நேரா சென்ட்ரலுக்கே போகுது. டிஃபென்ஸ் சுவர் ஓரமா மனைன்னா மட்டும் கட்டட அனுமதிக்கு என்ன என்ன கேப்பாங்கன்னு முதல்லயே விசாரிச்சுக்கோங்க.

இன்னும் கொஞ்சம் தள்ளி திருநின்றவூர். காசு இல்லாம மனசுக்குள்ளயே கோயில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்ச பூசலார் நாயனார் ஊர், பல்லவ ராஜா காஞ்சிபுரத்துல கட்டுன கோயிலுக்கு போகாம சாமி முதல்ல இவர் மனசுல கட்டுன கோயிலுக்கு தான் போனாராம். அந்த கதைய எழுதி வச்சது நம்ம குன்றத்தூர்காரர் சேக்கிழார். இஎம்ஐ இல்லாம வீடு கட்டுன ஒரே ஆள்னு நான் சொல்வேன். அவருக்கு அங்க இருதயாலீஸ்வரர்னு நிஜமாவே கோயில் இருக்கு, பக்தவத்சல பெருமாள் கோயிலும் இருக்கு, திவ்ய தேசம்.

எங்க வாங்குனாலும் மூலப்பத்திரம், வில்லங்கம் பாக்கறதோட நிறுத்தாம கிராம வரைபடத்தையும் ஏ-பதிவேட்டையும் (கிராமத்து நிலம் எது எந்த வகைன்னு இருக்கற வருவாய்த்துறை பதிவேடு) எடுத்து அந்த சர்வே நம்பர் ஏரி, ஓடை, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்)னு வகைப்பட்டிருக்கான்னு பாருங்க. பக்கத்து சர்வே நம்பரையும் சேத்து பாருங்க, பாதி பேர் இத விட்டுடறாங்க.

என்ன கேட்டா, காசு இருந்தா சேலையூர் மாடம்பாக்கம் பக்கம், அதுலயும் ஏரிக்கரைய விட்டு தள்ளி. பட்ஜெட் கம்மின்னா திருநின்றவூர், ரயிலும் இருக்கு, வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடும் பக்கத்துல நெமிலிச்சேரி வழியா போகுது, அதுல ஏறுனா குன்றத்தூரும் முடிச்சூரும் கூட தூரமில்ல. திருநின்றவூர்ல ஈசா ஏரிய ஒட்டுன நகர்ங்கள மட்டும் நவம்பர் மாசம் நல்ல மழை பேஞ்ச மறுநாள் போய் பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க, ஏப்ரல்ல காட்டறேன்னு சொல்றவர்கிட்ட நவம்பர் வரைக்கும் டைம் கேளுங்க.